பாலக்கருவிக்கு முகவரி அமைத்தல்

இரு கட்டடங்களில் தனித்தனியே இயங்குங் கணினிகளை ஒரே வலையமைப்பாக இணைத்தல் இக்காலத்துப் பாடசாலைகளுக்கு இன்றியமையாத தேவையாயிற்று. அலுவலகம் ஒரு கோடியிலும், நூல்நிலையம் மறுகோடியிலும், இடையே விளையாட்டு மைதானமும் அமைந்த கல்லூரிகள் பல. ஈதர்நெற் செப்புக் கேபிள் ஒரே தொடராக 100 மீற்றருக்கு மேற் செல்லலாகாது என்பது நியமம். ஆகவே, அத்தகைய இடங்களில் மைதானத்தின் இருமருங்கிலும் இரண்டு வானலைக் கருவிகளை ஒன்றையொன்று நோக்க நிறுத்தி, அவற்றின் வழியே வலையமைப்பைத் தொடுப்பர். இவ்வாறு இடைநின்று தொடுக்குங் கருவியைப் 'பிறிட்ஜ்' என்பர். தமிழில் அதனைப் பாலம் என்றே வழங்கலாம்.

இப்பாலத்துக்கு முகவரி அமைக்கும் முறையை, எங்கள் பழைய மாணவர்க்கும் இளைய ஆசிரியர்க்கும் பயன்படுமாறு, இக்கட்டுரையில் விளக்கப் புகுகின்றோம். தமிழாசிரியர்க்கு இவ்விடயத்தில் என்ன அலுவல் என வினவுவாரும் உளராவர். கணினி அறையின் திறவுகோல் எவர் கையில் இருக்கின்றதோ அவரே அவ்வறைக்கு வைத்தியருமாதல் பாடசாலைகளின் வழக்கம். அன்றியும், முகவரி இடுதல் பெயரிடுதலின் ஒரு வகையேயாம். பெயரைப்பற்றிப் பேசுதல் எமது தொழிலுக்குப் புறம்பானதன்று.

பாலம் யாது?

வலையமைப்பில் றவுட்டர் எனவும் பாலம் எனவும் இரு கருவிகள் உள. இவ்விரண்டையும் மயங்கக் கொள்ளுதல் பல இடர்ப்பாடுகளுக்குக் காரணமாதலின், முதற்கண் அவற்றின் வேறுபாட்டை அறிதல் வேண்டும். றவுட்டர் வெவ்வேறான இரு வலையமைப்புக்களை இணைப்பது. எங்கள் கல்லூரிக் கணினிகளை வெளியுலக இணையத்தோடு சேர்ப்பது அதுவே. பாலமோ ஒரே வலையமைப்பின் இரு துண்டுகளை ஒட்டுவது. பாலத்தின் இப்புறத்துள்ள கணினியும் அப்புறத்துள்ள கணினியும் ஒரே மேசையில் அடுத்தடுத்து இருப்பன போலவே ஒன்றோடொன்று பேசும். இடையே பாலம் ஒன்று உண்டு என்பதை அவை அறியா.

ஈதர்நெற் என்னும் முறை 1973 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் செறொக்ஸ் நிறுவனத்தின் ஆராய்ச்சி நிலையத்திற் பிறந்தது. அதன் துண்டுகளை ஒட்டும் பாலங்கள் 1980 களில் வழக்குக்கு வந்தன. இரு துண்டுகளுக்கிடையே ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள் அமைந்துவிடின், செய்திகள் முடிவின்றிச் சுற்றிச் சுற்றி வலையமைப்பையே மூழ்கடித்துவிடும். இக்கேட்டைத் தவிர்க்கும் முறையை 1985 ஆம் ஆண்டில் றேடியா பேள்மன் என்னும் அம்மையார் வகுத்தார். அம்முறையையும் அடக்கிய பாலங்களின் இலக்கணம் 1990 ஆம் ஆண்டில் ஒரு பொது நியமமாக வெளியாயிற்று.

பாலம் தொழிற்படும் முறை மிக எளிது. எந்தப் பக்கத்திலிருந்து எந்தக் கணினி பேசுகின்றது என்பதை அது கவனித்து ஒரு பட்டியலிற் குறித்துக்கொள்ளும். இப்பக்கத்தார் இப்பக்கத்தார்க்கே அனுப்புஞ் செய்தியை அப்பக்கம் விடாது. அப்பக்கத்தார்க்குரியதை மாத்திரம் கடத்தும். இன்னார் எப்பக்கத்தார் எனத் தெரியாதவிடத்து எல்லாப் பக்கமும் அனுப்பும். நெடுநேரம் பேசாதிருப்பவரை மறந்துவிடும். அம்மறதிக்கு நியமம் பொதுவாக விதித்த காலம் 300 விநாடி. இத்துணையே பாலத்தின் கல்வி.

இதனை எமது இலக்கணத்துச் சாரியையோடு ஒப்பிட்டு நோக்கலாம். 'மரம்' என்னுஞ் சொல்லும் 'ஐ' என்னும் உருபும் சேருமிடத்து 'அத்து' என்னுஞ் சாரியை இடையே நின்று 'மரத்தை' என ஆக்குகின்றது. அத்துக்குத் தனியே ஒரு பொருள் இல்லை. பேசுவோன் அதனை நினைப்பதுமில்லை. கேட்போன் அதனைத் தேடுவதுமில்லை. ஆயினும் அது நின்றாலன்றிச் சொல்லும் உருபும் பொருந்தா. வலையமைப்பிற் பாலத்தின் நிலையும் அதுவே.

இருவகை முகவரி

வலையமைப்பில் ஒவ்வொரு கருவிக்கும் இருவகை முகவரி உண்டு. ஒன்று, கருவி செய்யப்படும்போதே அதற்கு இடப்படும் மாக் முகவரி. இஃது 48 பிற்று அளவினது. 12 எழுத்திலக்கங்களால் எழுதப்படும். பொதுவாக முற்பாதி செய்தவரையும் பிற்பாதி அந்தத் தனிக்கருவியையுங் குறிக்கும். கருவியின் அடியில் ஒட்டிய சீட்டில் இதனைக் காணலாம். மற்றையது, வலையமைப்பை அமைப்போர் கொடுக்கும் ஐ.பி. முகவரி. இது பெரும்பாலும் 32 பிற்று அளவினதாய், 0 முதல் 255 வரையுள்ள நான்கு எண்களாற் புள்ளியிட்டு எழுதப்படுவது. 1981 ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட இவ்வகையே பாடசாலைகளில் இன்றும் வழங்குவது.

மாக் முகவரி ஒருவருடைய இயற்பெயர் போன்றது. எங்கு சென்றாலும் உடன்செல்லும். ஐ.பி. முகவரி வீட்டிலக்கம் போன்றது. இடம்மாறின் தானும் மாறும். ஒரு கணினி தன் வலையமைப்பிலுள்ள இன்னொன்றின் ஐ.பி. முகவரியை மாத்திரம் அறிந்திருக்குமாயின், 'இவ்வீட்டிலக்கத்துக்கு உரியவர் யார்?' எனப் பொதுவிற் கூவும். உரியது தன் மாக் முகவரியை விடையாகக் கூறும். இக்கூவலும் விடையும் ஏ.ஆர்.பி. எனப்படும், 1982 ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட முறை. இதனை மனத்திற் கொள்க. பின்னர்க் கூறும் வழுக்கள் பலவற்றுக்கு இதுவே விளக்கந் தரும்.

பாலத்துக்கு முகவரி எதற்கு?

பாலம் தன் தொழிலை மாக் முகவரிகளைக்கொண்டே செய்கின்றது. அதற்கு ஐ.பி. முகவரி ஒன்று இல்லாவிடினும், இருந்து அது பிழையாயினும், செய்திகள் தடையின்றிக் கடக்கும். அங்ஙனமாயின் முகவரி எதற்கு?

சாரியை உவமையை மீண்டும் நோக்குக. பேசுவோனுக்கு 'அத்து' என்னும் பெயர் வேண்டியதில்லை. ஆனால், அச்சொல்லைப் பிரித்துக் காட்டும் ஆசிரியனுக்கு அப்பெயர் வேண்டும். பெயரின்றேல் அவன் அதனைச் சுட்டிக்காட்டவே இயலாது. அவ்வாறே, செய்திகளுக்குப் பாலத்தின் முகவரி வேண்டியதில்லை. பாலத்தைப் பராமரிப்பவனுக்கே அது வேண்டும். வானலையின் வலிமையை அறியவும், கடவுச்சொல்லை மாற்றவும், பழுதைத் தேடவும் அவன் அதன் உள்ளே புகுதல் வேண்டும். புகும் வாயிலே அந்த முகவரி.

இவ்வுண்மையில் ஓர் ஆபத்தும் மறைந்திருக்கின்றது. முகவரி பிழையாயினும் பாலம் வேலைசெய்துகொண்டிருப்பதால், பிழை பல ஆண்டுகள் வெளிப்படாது. கருவி பழுதுறும் அன்றே அது தெரியவரும். அன்று அதனை அமைத்தவர் அருகில் இரார்.

அமைக்கவேண்டியன

பாலத்தின் முகவரிப் பக்கத்தில் நிரப்பவேண்டிய விடயங்கள் ஐந்து. அவற்றை ஓர் உதாரணத்தோடு கூறுவாம். அலுவலகத்து றவுட்டரின் முகவரி 192.168.10.1 எனவும், அது கணினிகளுக்குத் தானே வழங்கும் முகவரிகள் 192.168.10.100 முதல் 192.168.10.200 வரை எனவுங் கொள்க. 192.168 எனத் தொடங்கும் முகவரிகள் இல்லங்களும் நிறுவனங்களுந் தம்முள் வழங்கிக்கொள்ள ஒதுக்கப்பட்டவை; 1996 ஆம் ஆண்டு வெளியான நியமம் இவ்வொதுக்கீட்டைக் கூறும்.

முதலாவது, ஐ.பி. முகவரி. இது றவுட்டரின் தொடரிலேயே இருத்தல் வேண்டும். வேறெக்கருவிக்கும் உரியதாகாதிருத்தல் வேண்டும். றவுட்டர் தானே வழங்கும் எல்லைக்குப் புறம்பாக இருத்தல் வேண்டும். ஆகவே, அலுவலகப் பக்கத்துப் பாலத்துக்கு 192.168.10.2 என்பதையும், நூல்நிலையப் பக்கத்ததற்கு 192.168.10.3 என்பதையுங் கொடுக்கலாம்.

இரண்டாவது, சப்நெற் மாஸ்க். முகவரியில் எவ்வளவு ஊர்ப்பெயர், எவ்வளவு வீட்டிலக்கம் என்பதை வரையறுப்பது இது. 255.255.255.0 என அமைப்பின் முதல் மூன்று எண்களும் ஊர்ப்பெயர். இறுதி எண் வீட்டிலக்கம். இறுதி எண் 0 ஆவது ஊருக்கும், 255 ஆவது ஊரார் யாவரையும் ஒருங்கே விளித்தற்கும் உரியனவாதலின், வீடுகளுக்கு எஞ்சுவன 254. றவுட்டரில் உள்ள மாஸ்க்கே பாலத்திலும் இருத்தல் வேண்டும்.

மூன்றாவது, கேட்வே. ஊருக்கு வெளியே செல்லும் வாயில் என்பது இதன் பொருள். ஈண்டு 192.168.10.1 என இடுக. பாலம் தன் கடிகாரத்தை இணையத்தோடு சரிபார்க்கவும், வேற்றூர்க் கணினியிலிருந்து அதனைப் பார்க்கவும் இது வேண்டப்படும். இதனை இடாது விடினும், ஒரே ஊரிலிருந்து பார்த்தற்குத் தடையில்லை.

நான்காவது, டி.என்.எஸ். பெயரை முகவரியாக மாற்றித் தரும் சேவை இது. பெரும்பாலான சிறு வலையமைப்புக்களில் இங்கும் றவுட்டரின் முகவரியையே இடலாம்.

ஐந்தாவது, டி.எச்.சி.பி. இதில் இரு வேறு விடயங்கள் உள. பாலம் தனக்குரிய முகவரியைத் தானே பெற்றுக்கொள்வது ஒன்று; பாலம் பிறர்க்கு முகவரி வழங்குவது மற்றொன்று. முன்னையதை நிறுத்தி, நாம் தெரிந்தெடுத்த நிலையான முகவரியை இடுதல் நன்று. தானே பெறும் முகவரி மாறக்கூடும், மாறின் வாயில் தொலையும். பின்னையதைத் தவறாது நிறுத்துதல் வேண்டும். ஓர் ஊரில் முகவரி வழங்குவோர் ஒருவரே இருத்தல் வேண்டும், அவர் றவுட்டரே.

செய்முறை

இரு கருவிகளையும் கம்பத்தில் ஏற்றுமுன் மேசையில் வைத்தே அமைத்தல் வேண்டும். ஏணியின் மேல் நின்று எண்களைத் திருத்துதல் அறிவுடைமையன்று.

புதிய கருவி ஒவ்வொன்றும் செய்தவர் இட்ட ஒரு முகவரியோடு வரும். யூபிக்குவிற்றி நிறுவனத்தாரின் வானலைக் கருவிகள் பலவற்றில் அது 192.168.1.20; ரீ.பி.-லிங் நிறுவனத்தாரின் சிலவற்றில் 192.168.0.254. கருவியோடு வருங் கையேட்டில் இதனைக் காண்க. ஒரே வகையான இரு கருவிகள் வாங்கின் இரண்டும் ஒரே முகவரியோடு வரும் என்பதை மறத்தலாகாது. ஆகையால் ஒருநேரத்தில் ஒன்றற்கே மின் கொடுக்க.

கருவியின் முகவரி 192.168.1.20 ஆயின், கணினிக்குத் தற்காலிகமாக 192.168.1.50 என்னும் முகவரியையும் 255.255.255.0 என்னும் மாஸ்க்கையுங் கொடுத்துக் கேபிளால் இணைக்க. உலாவியிற் கருவியின் முகவரியை எழுதினால் அதன் பக்கம் திறக்கும். செய்தவர் இட்ட கடவுச்சொல்லை உடனே மாற்றுக. அதனைக் கையேட்டிற் பார்த்து எவரும் அறியலாமாதலின், மாற்றாதுவிடல் பூட்டாத கதவாம். கருவியைப் பால முறையில் நிறுத்தி, முற்கூறிய ஐந்தையும் நிரப்பிச் சேமிக்க.

சேமித்த அக்கணமே பக்கம் மறைந்துவிடும். இதுகண்டு கருவி பழுதாயிற்று என அஞ்சுவார் பலர். அஃது அவ்வாறன்று. கருவி புதிய வீட்டுக்குச் சென்றுவிட்டது. நாம் பழைய வீட்டின் வாயிலிலே நிற்கின்றோம். கணினிக்கு 192.168.10.50 என்னும் முகவரியைக் கொடுத்து, உலாவியில் 192.168.10.2 என எழுதுக. பக்கம் மீண்டும் திறக்கும். இவ்வாறே இரண்டாவது கருவியையும் அமைக்க.

பின்பு இரண்டையும் ஒரே அறையிற் சற்று விலக்கிவைத்து, வானலையால் இணையச் செய்து, அலுவலகப் பக்கத்ததை றவுட்டரோடு கேபிளால் தொடுக்க. நூல்நிலையப் பக்கத்துக் கருவியோடு கணினியை இணைத்து, 'பிங்' என்னும் ஏவலால் 192.168.10.3, 192.168.10.2, 192.168.10.1 என்னும் மூன்றையும் அம்முறையே அழைத்துப் பார்க்க. மூன்றும் விடை தருமாயின் கம்பத்தில் ஏற்றலாம். ஏற்றியபின் கணினியைப் பழையபடி தானே முகவரி பெறுமாறு மாற்றிவிடுக.

வழுவும் அறிகுறியும்

பாலத்தின் பக்கம் திறக்கவில்லை, ஆயினும் நூல்நிலையத்தில் இணையம் இயங்குகின்றது எனின், பாலத்துக்கு நோயில்லை, முகவரியே தவறியது. இந்நிலையில் அவசரப்பட்டு ரீசெற் பொத்தானை அழுத்தலாகாது. அது முகவரியோடு வானலைப் பெயரையும் கடவுச்சொல்லையும் ஒருங்கே அழித்து, இயங்கும் பாலத்தையும் முறித்துவிடும்.

192.168.10.2 விடை தருகின்றது, 192.168.10.3 விடை தரவில்லை; நூல்நிலையத்திலும் இணையமில்லை எனின், முகவரியிற் பிழை தேடவேண்டா. அப்புறத்து மின்சாரத்தையும், கருவிகளின் நோக்கையும், இடையே வளர்ந்த மரக்கிளையையும் பார்க்க.

நூல்நிலையக் கணினிகள் 169.254 எனத் தொடங்கும் முகவரியைக் காட்டின், முகவரி வழங்குவோரின் குரல் அவற்றை எட்டவில்லை என்பது கருத்து. விடை பெறாத கணினி தனக்குத்தானே இட்டுக்கொள்ளும் முகவரி அது. வேறொரு தொடரின் முகவரியைக் காட்டின், பாலமோ வேறொரு கருவியோ தானும் முகவரி வழங்கத் தொடங்கிவிட்டது எனக் கொள்க.

பக்கம் சிலவேளை திறந்தும் சிலவேளை திறவாதும் இருப்பின், ஒரே முகவரிக்கு இருவர் உரிமை கொண்டாடுகின்றனர் என ஐயுறுக. பாலத்தின் மின்சாரத்தை நிறுத்திவிட்டு அதே முகவரியைப் பிங் செய்க. அப்போதும் விடை வருமாயின், விடை தருவது பிறிதொரு கருவியே.

இவற்றுள் மிகக் கொடியது, பாலத்துக்கு றவுட்டரின் முகவரியையே இட்டுவிடுதல். கணினிகள் '192.168.10.1 யார்?' எனக் கூவும்போது இருவரும் விடை கூறுவர். பாலத்தின் விடையை நம்பிய கணினிகள் வெளியூர்ச் செய்திகளைப் பாலத்திடம் ஒப்படைக்கும். அவற்றை வெளியே அனுப்பப் பாலம் அறியாது. ஓர் எண் பிழைத்ததால் கல்லூரி முழுவதும் இணையம் இழந்து நிற்கும். பரீட்சை விண்ணப்பங்களை இணையவழி அனுப்பும் நாட்களில் இஃது எத்துணை இடையூறாகும் என்பதை நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை.

ஏட்டில் எழுதுதல்

நாம் அறிந்த ஒரு பாடசாலையில் நிகழ்ந்ததை ஈண்டுக் கூறுதல் பொருந்தும். அன்பர் ஒருவர் இரு பாலக்கருவிகளை நன்கொடையாக அளித்து, விடுமுறையில் வந்து தம் கையாலேயே நிறுவிச் சென்றார். அவை செவ்வனே இயங்கின. இரண்டாண்டு கழிந்தபின் றவுட்டரை மாற்றினர். அதனோடு முகவரித் தொடரும் மாறிற்று. பாலங்களின் முகவரி பழைய தொடரிலேயே நின்றது. ஆயினும் செய்திகள் கடந்துகொண்டிருந்தமையால் எவரும் அதனை உணரவில்லை. பின்னர் ஒருநாள் இடிமின்னலில் ஒரு கருவி எரிந்தது. புதியதொன்றை இணைப்பதற்கு வேண்டிய வானலைப் பெயர் முதலிய விபரமெல்லாம் எஞ்சிய கருவியினுள்ளே பத்திரமாக இருந்தன. அதனுட் புகும் வாயிலோ எவர்க்குந் தெரியவில்லை. நிறுவியவர் கடல்கடந்த நாட்டில் இருந்தார். அவருக்கும் எண்கள் நினைவில்லை. இறுதியில் இரண்டையும் வெறுமையாக்கி முதலிலிருந்து அமைக்கவேண்டியதாயிற்று. அத்தவணையின் பெரும்பகுதி நூல்நிலையக் கணினிகள் மூடிக் கிடந்தன. பழைய முகவரி எங்கேனும் எழுதப்பட்டிருந்தால், ஒரு கணினிக்கு அத்தொடரில் முகவரி கொடுத்து அரைமணி நேரத்தில் அவ்வேலையை முடித்திருக்கலாம். மாணாக்கர் இழந்த நாட்களுக்கு ஈடாக வேண்டியிருந்தது ஒரு வரி எழுத்தே.

ஆகவே, கல்லூரி ஒவ்வொன்றும் வலையமைப்பு ஏடு ஒன்று வைத்திருத்தல் வேண்டும். கருவி நிற்கும் இடம், அதன் மாக் முகவரி, ஐ.பி. முகவரி, மாஸ்க், கேட்வே, வானலைப் பெயர், அமைத்த திகதி, அமைத்தவர் பெயர் என்பவற்றை அதில் எழுதுக. கடவுச்சொற்களைத் தனித்தாளில் எழுதி உறையிலிட்டு அதிபரின் பூட்டிய அலுமாரியில் வைக்க. ஐ.பி. முகவரியை மாத்திரம் சிறு சீட்டில் எழுதிக் கருவியின் அருகேயும் ஒட்டலாம். றவுட்டரை மாற்றும் நாளில் அவ்வேட்டைத் திறந்து, அதிலுள்ள ஒவ்வொரு கருவியையும் புதிய தொடருக்கு மாற்றியபின்னரே பழைய றவுட்டரைக் கழற்றுக.

எங்கள் பழைய மாணவர்கள் பல நாடுகளில் இருந்து கல்லூரிக்குக் கருவிகளை மனமுவந்து அனுப்புகின்றனர். விடுமுறையில் வந்து தாமே பொருத்தியுந் தருகின்றனர். அவர்களிடத்து நாம் வேண்டுவது ஒன்று. கருவியைப் பொருத்திய அன்றே, ஊருக்குப் புறப்படுமுன், ஏட்டை எடுத்து எண்களை எழுதிக் கையொப்பமிடுக. அடுத்த ஆண்டு அவ்வறைக்குப் பொறுப்பாக வரும் இளைய ஆசிரியர் உங்களை அறியார். ஏட்டிலுள்ள அந்த ஒரு வரியைக்கொண்டே அவர் பாலத்தின் வாயிலைத் திறக்க வேண்டியவராவர்.